பைபாஸ் ஆகி ஏழு வாரம்: அப்பாவுக்கு வீட்டில் டிரெட்மில்லா, சைக்கிளா?

நெல்லை_செல்வி

அப்பாவுக்கு வயது 61, எடை 78 கிலோ. மூன்று அடைப்புக்கு பைபாஸ் ஆகி ஏழு வாரம் ஆகிறது. இடது காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்திருக்கிறார்கள். எக்கோவில் இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 45 சதவீதம். மெட்டோபுரோலால் 50, ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் 40 சாப்பிடுகிறார். சுகருக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு. வலது முட்டியில் கொஞ்சம் தேய்மானம் உண்டு. காலையில் தெருவில் 20 நிமிடம் நடக்கிறார், மூச்சு வாங்கவில்லை. ஆனால் நாய்த் தொல்லை, ஏழரை மணிக்கே வெயில். "வீட்டிலேயே லேசாக எக்சர்சைஸ் பண்ணலாம், மூணாவது மாசம் டி.எம்.டி. பார்ப்போம்" (டி.எம்.டி. என்பது டிரெட்மில்லில் நடக்கவைத்து இசிஜி பார்க்கும் சோதனை) என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்ன மெஷின் என்று சொல்லவில்லை.

துபாயில் இருக்கும் தம்பி 45,000 ரூபாயில் ஒரு டிரெட்மில் பார்த்து வைத்திருக்கிறான். 4 எச்.பி. மோட்டார், மசாஜர், 12 புரோகிராம் என்று என்னென்னவோ இருக்கிறது. இங்கே கடைக்காரர் ஏர் பைக்கைக் காட்டி, "கைக்கும் ஆச்சு, காலுக்கும் ஆச்சு, 9,000 தான்" என்கிறார். கரண்டே வேண்டாத மேனுவல் டிரெட்மில் ஒன்று 14,000-க்கு இருக்கிறது. வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. எதை வாங்குவது?

பிசியோ_கதிர்

செல்வி மேடம், மெஷின் எவ்வளவு வேகம் போகும் என்று பார்க்காதீர்கள், எவ்வளவு குறைவாகப் போகும் என்று பாருங்கள். நல்ல உடம்புக்காரர் வாங்கும்போது உச்சத்தைப் பார்க்கலாம். இதய நோயாளிக்கு அடிமட்டச் சுமைதான் கணக்கு. அந்த மெஷினில் எவ்வளவு லேசாகத் தொடங்க முடியும், எவ்வளவு சின்னச் சின்னதாகக் கூட்ட முடியும், மயக்கம் வந்தால் எப்படி நிற்கும் என்ற மூன்றையும் கேட்டாலே கடையில் பாதி மெஷின் கழிந்துவிடும்.

சுமையை நாங்கள் 'மெட்' கணக்கில் சொல்வோம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் 1 மெட். ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மி.லி. என்று வைத்துக்கொள்கிறோம். சமதளத்தில் மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் நடந்தால் சுமார் 2.4 மெட், 4 கி.மீ. என்றால் 2.9. அதே 4 கி.மீ. வேகத்துக்கு 5 சதவீத ஏற்றம் வைத்தால் ஒரே தாவலில் 4.6 ஆகிவிடும். வேகத்தைவிட ஏற்றம்தான் ஆளை வாங்கும்.

இப்போது அந்த மேனுவல் டிரெட்மில்லைப் பாருங்கள். கரண்ட் இல்லாமல் பெல்ட் நகர வேண்டுமென்றால் மேடை சாய்வாக இருந்தே ஆக வேண்டும், அதற்கு மேல் பெல்ட்டைக் காலால் தள்ள வேண்டும், கம்பியைக் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் புரூஸ் முறையில் எடுக்கும் டி.எம்.டி.யின் முதல் கட்டமே மணிக்கு 2.7 கி.மீ. வேகம், 10 சதவீத ஏற்றம்தான். ஆக மேனுவல் மெஷினில் ஏறுவது, பக்கத்தில் டாக்டரும் இல்லாமல் இசிஜியும் இல்லாமல் வீட்டிலேயே டி.எம்.டி. செய்வது மாதிரி. விலை குறைவு என்று அதைத் தொடவே வேண்டாம்.

ஏர் பைக் இன்னொரு வகையில் தவறு. முன்னால் இருக்கும் விசிறி காற்றைத் தள்ளுவதுதான் அதன் சுமை. மிதிக்கும் வேகம் இரண்டு மடங்கானால் தேவைப்படும் சக்தி எட்டு மடங்கு ஆகும். டிவி பார்த்துக்கொண்டே கொஞ்சம் வேகமாக மிதித்தாலும் தெரியாமலே சுமை ஏறிவிடும். அதோடு கைப்பிடி முன்னும் பின்னும் ஆடும். ஏழு வாரத்தில் நெஞ்செலும்பு முழுதாகக் கூடியிருக்காது. பொதுவாக 8 முதல் 12 வாரம் வரை 4.5 கிலோவுக்கு மேல் தூக்கவோ, தள்ளவோ, இழுக்கவோ கூடாது என்பார்கள். நிரம்பிய 5 லிட்டர் எண்ணெய் கேன் கிட்டத்தட்ட அந்த எடைதான். கைகளை மாற்றி மாற்றித் தள்ளி இழுக்கும்போது கம்பி போட்டுக் கட்டிய எலும்பின் இரண்டு பாதியும் எதிரெதிராக அசையும். அதே காரணத்தால் ரோயிங் மெஷினும் இப்போது கூடாது. கிராஸ் டிரெய்னர் நின்றுகொண்டு முழு உடம்பையும் அசைப்பது, அதன் தொடக்கமே 5 மெட் பக்கம் வரும். மினி ஸ்டெப்பரும் வேண்டாம். அதில் ஒவ்வொரு அடிக்கும் தன் எடையைத் தானே தூக்க வேண்டும், பிடிக்கக் கம்பியும் இருக்காது.

உங்கள் அப்பாவுக்கு என் தேர்வு ரெகம்பன்ட் சைக்கிள். நாற்காலி மாதிரி முதுகுக்குச் சாய்மானம், பெடல் முன்னால், காந்தத்தால் சுமை கூட்டும் வகை. கையில் எடை விழாது, மயக்கம் வந்தாலும் சாய்ந்தே இருப்பார், கீழே விழ மாட்டார். முட்டிக்கும் நல்லது. 78 கிலோ எடைக்கு 25 வாட்டில் மிதித்தால் சுமார் 3 மெட், 50 வாட்டில் சுமார் 4 மெட். இடையில் மெல்ல மெல்லக் கூட்டலாம். இடம் இல்லை, விலை கூடுதல் என்றால் முதுகு சாய்மானம் உள்ள மேக்னடிக் அப்ரைட் சைக்கிள் (நிமிர்ந்து உட்கார்ந்து மிதிப்பது) அடுத்தது. சாய்மானம் இல்லாத அப்ரைட் வாங்கினால் முன்னால் குனிந்து கையை ஊன்றுவார், எடை தோள் வழியாக நேரே நெஞ்செலும்புக்குப் போகும். ஸ்பின் பைக் வேண்டவே வேண்டாம். கனமான சக்கரம் பெடலோடு பூட்டியிருக்கும், கால் நின்றாலும் சக்கரம் காலை இழுத்துக்கொண்டு சுற்றும்.

ஒரு விஷயம் கவனியுங்கள். இரண்டு மாடி ஏறி வருகிறார், அப்படியென்றால் ஒரு நிமிடத்துக்கு 4 மெட் தாங்குகிறார். அதையே 20 நிமிடம் தாங்குவார் என்று அர்த்தமில்லை.

ஜிம்_சர்வீஸ்_ரவி

கதிர் சார் சொன்னதோடு மெஷின் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி பார்த்த 4 எச்.பி. பெரும்பாலும் 'பீக்' கணக்கு, மோட்டார் ஒரு நொடி தாங்கும் உச்சம். கேட்க வேண்டியது 'கன்டினியுவஸ்' எச்.பி. நடைக்கு மட்டும் என்றால் கன்டினியுவஸ் 1.5 முதல் 2 வரை போதும். மசாஜர் தண்டம். 12 புரோகிராமும் அப்பாவுக்கு ஆகாது, அவை தானாகவே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்.

பின்னாளில் டிரெட்மில்தான் என்று முடிவானால் கடையிலேயே இதைச் செய்து பாருங்கள். ஸ்டார்ட் அழுத்தியதும் எந்த வேகத்தில் கிளம்புகிறது? 0.8 அல்லது 1 கி.மீ.யில் கிளம்பி 0.1 ஆகக் கூட வேண்டும். கன்சோலில் 3, 6, 9 என்று குவிக் ஸ்பீடு பட்டன் இருக்கும். சில மாடலில் அது ஸ்டாப் பட்டனை ஒட்டியே இருக்கிறது. தடுமாறி நிறுத்தப் போகிறவர் 6-ஐ அழுத்தினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அப்படிப்பட்ட மாடலை விட்டுவிடுங்கள். பக்கக் கம்பி இடுப்பு தாண்டிப் பின்னால் வரை நீள வேண்டும். வீட்டு மாடல்கள் பலவற்றில் முன்னால் ஒரு சாண் கைப்பிடி மட்டும்தான், பெல்ட்டின் நடுவில் நிற்கும்போது கைக்கு எட்டாது. பெல்ட் அகலம் குறைந்தது 42 செ.மீ., நீளம் 120 செ.மீ. கம்பியே இல்லாத வாக்கிங் பேட் இந்த விஷயத்துக்கு ஆகவே ஆகாது.

பிறகு ஓடிக்கொண்டிருக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்து, திரும்பப் போடச் சொல்லுங்கள். கரண்ட் திரும்பி வந்ததும் பெல்ட் தானாகக் கிளம்பக் கூடாது, பூஜ்யத்தில் நிற்க வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் டிரெட்மில்லை மாட்டவே கூடாது. எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக்கில் நேரடியாகத்தான், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். பெல்ட்டுக்கு அடியில் விட சிலிகோன் ஆயில் மட்டும், கம்பெனி புத்தகத்தில் போட்ட இடைவெளியில். தேங்காய் எண்ணெய் விட்டு பெல்ட்டைப் பாழாக்குபவர்கள் உண்டு. ஆயில் வற்றினால் கால் வைக்கும்போது பெல்ட் ஒரு கணம் தயங்கி, எடுக்கும்போது துள்ளும். தலைசுற்ற வைக்கக்கூடிய மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்தத் துள்ளல் போதும் விழுவதற்கு.

முக்கியமாக, மடக்கி வைக்கும் மாடல் என்றால் மேடையைத் தூக்குவது யார்? அப்பா தூக்கக் கூடாது. இரண்டு மாடி ஏற்றுவதையும் டெலிவரி ஆட்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். "ஒரு பக்கம் பிடிங்க சார்" என்று வாசலில் கேட்பார்கள்.

மேக்னடிக் சைக்கிளில் இந்தத் தொல்லை பாதி இல்லை. டிஸ்ப்ளேவுக்கு இரண்டு பென்சில் பேட்டரி போதும், கரண்ட் போனாலும் கவலையில்லை. கடையில் சுமை கூட்டும் குமிழை 1-ல் வைத்து பெடலைக் கையால் ஒரு சுற்று சுற்றி விடுங்கள். சத்தமில்லாமல், எங்கும் பிடிக்காமல் லேசாகச் சுற்ற வேண்டும். குமிழுக்கும் காந்தத்துக்கும் நடுவில் சைக்கிள் பிரேக் கேபிள் மாதிரி ஒரு கம்பி ஓடுகிறது. அது சிக்கினால் குமிழ் 1 என்று காட்டும், உள்ளே காந்தம் 4-ல் நிற்கும். "நேற்று சுலபமாக இருந்தது, இன்று கால் கனக்கிறது" என்றால் உடம்பைச் சந்தேகிப்பதோடு கேபிளையும் பாருங்கள். டிஸ்ப்ளேயில் வரும் கலோரியை நம்ப வேண்டாம். பெரும்பாலான விலை குறைந்த மாடல்களுக்கு வாட் கணக்கே தெரியாது.

நெல்லை_செல்வி

இருவருக்கும் நன்றி. தம்பியிடம் சொல்லிவிட்டேன், முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டான். ரெகம்பன்ட்தான் முடிவு. இரண்டு சந்தேகம். எப்படித் தொடங்குவது? இணையத்தில் 220-லிருந்து வயதைக் கழித்து அதில் 70 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 111 வருகிறது. அப்பாவின் வாட்ச்சில் உட்கார்ந்திருக்கும்போது 74, நடந்துவிட்டு வந்தால் 90-ஐத் தாண்டுவதில்லை. 111 வரும்வரை மிதிக்க வேண்டுமா?

இசிஜி_மேகலா

வேண்டாம், அந்தக் கணக்கை அப்படியே மறந்துவிடுங்கள். மெட்டோபுரோலால் நாடித்துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும், அதற்காகத்தான் கொடுக்கிறார்கள். அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு 111-ஐத் துரத்தினால் சக்திக்கு மீறி மிதிக்க வேண்டிவரும். டி.எம்.டி. முடியும்வரை உட்கார்ந்திருக்கும் நாடியோடு 20 கூட்டுங்கள், அதிகபட்சம் 30. அவருக்கு 94 முதல் 104. டி.எம்.டி. செய்யும்போது வழக்கமான மாத்திரையோடு செய்தால்தான் அதில் வரும் எண்ணை உடற்பயிற்சிக்குப் பயன்படுத்த முடியும். மாத்திரையை நிறுத்தச் சொல்வார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நாடியைவிட நம்பகமானது போர்க் அளவுகோல். 6 என்றால் ஒரு சிரமமும் இல்லை, 20 என்றால் இதற்கு மேல் முடியவே முடியாது. அவர் இருக்க வேண்டியது 11 முதல் 13, அதாவது 'லேசு' தாண்டி 'கொஞ்சம் கஷ்டம்' வரை. பெரிய எழுத்தில் எழுதி சைக்கிள் முன் சுவரில் ஒட்டுங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண் கேளுங்கள். பேசிப் பார்ப்பதும் நல்ல வழி. முழு வாக்கியம் மூச்சு இடறாமல் வர வேண்டும். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தினால் சுமை கூடுதல். கைப்பிடியில் இருக்கும் உலோகத் தகடு காட்டும் நாடியைப் பார்க்காதீர்கள். அதற்காக இறுக்கிப் பிடித்தாலே பிரஷர் ஏறும். மார்புப் பட்டை துல்லியம்தான், ஆனால் தழும்பு மேல் உரசும். முன்கையில் கட்டும் பட்டை இப்போதைக்குப் போதும்.

தொடங்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார வைத்து பிரஷர் பாருங்கள். மேல் அளவு 180-ஐத் தாண்டினாலோ, கீழ் அளவு 110-ஐத் தாண்டினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120-க்கு மேல் இருந்தாலோ அன்று பயிற்சி இல்லை, டாக்டருக்கு போன். எழுந்து நின்றதும் மேல் அளவு 20-க்கு மேல் இறங்கித் தலை சுற்றினாலும் அப்படியே.

சுகர் மாத்திரை விஷயத்தை யாரும் சொல்லவில்லை. கிளிமிபிரைடு சாப்பிடுபவருக்கு உடற்பயிற்சியின்போதோ அதற்குப் பிறகோ சுகர் இறங்கலாம். வழக்கமாக அதைக் காட்டிக்கொடுப்பது கை நடுக்கமும் படபடப்பும். மெட்டோபுரோலால் அவற்றை மறைத்துவிடும். மறைக்காமல் விடுவது வியர்வையை மட்டும்தான். லெவல் 1-ல் மிதிக்கும்போதே கொட்டுகிறது என்றால் நிறுத்தி மீட்டரில் பாருங்கள். தொடங்கும் முன் 100-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் மாவுச்சத்து, ஒரு சின்ன வாழைப்பழம் போதும். சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்து மிதிப்பது நல்லது.

நெஞ்சில் அழுத்தம், தாடை அல்லது கைக்குப் பரவும் வலி, மயக்கம், குளிர்ந்த வியர்வை, நாடி தாறுமாறாக ஓடுவது, இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்தி உட்காரவைக்க வேண்டும். டாக்டர் சார்பிட்ரேட் (நெஞ்சுவலி மாத்திரை) எழுதியிருந்தால் உட்கார்ந்தபடியே நாக்குக்கு அடியில். நின்றுகொண்டு போட்டால் பிரஷர் இறங்கி விழுவார்கள். ஐந்து நிமிடத்தில் விடவில்லை என்றால் 108. பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகாதீர்கள். நெஞ்செலும்பில் 'கிளிக்' என்று அசைவு, தையலில் நீர், காய்ச்சல் இருந்தால் சர்ஜனுக்குச் சொல்ல வேண்டும், சைக்கிளைத் தொட வேண்டாம்.

பிசியோ_கதிர்

மேகலா சிஸ்டர் சொன்ன எண்களுக்குள் இப்படித் தொடங்குங்கள், டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு. லெவல் 1, நிமிடத்துக்கு 50 சுற்று. முதல் ஐந்து நிமிடம் அதைவிட மெதுவாக, சும்மா சுற்றுவது. பிறகு ஐந்து நிமிடம் 50 சுற்றில், இரண்டு நிமிடம் ஓய்வு, மறுபடி ஐந்து நிமிடம். கடைசியில் ஐந்து நிமிடம் மறுபடி மெதுவாக. இந்தக் கடைசி ஐந்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மிதிக்கும்போது கால் தசைக்கு ரத்தம் நிறையப் போயிருக்கும், அங்கே குழாய்கள் விரிந்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் அந்த ரத்தம் காலிலேயே தங்கி, பிரஷர் இறங்கி, எழுந்ததும் கண் இருட்டும். முடித்த உடனே வெந்நீர்க் குளியலும் வேண்டாம்.

முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், ஒவ்வொரு தடவையும் ஒன்று இரண்டு நிமிடம். இடைவிடாமல் 20, 30 நிமிடம் போர்க் எண் 12-ஐத் தாண்டாமல் வருகிறது என்றால் லெவல் 2. லெவல் கூட்டும் அன்று நேரத்தைக் குறையுங்கள். இரண்டையும் ஒரே நாளில் கூட்டாதீர்கள்.

சீட் தூரத்தைச் சரியாக வையுங்கள். பெடல் தூரத்தில் இருக்கும்போது முட்டி 25, 30 பாகை மடங்கி இருக்க வேண்டும். சீட் கிட்டே இருந்தால் முட்டி நெஞ்சை நோக்கி வரும், தேய்மானம் உள்ள முட்டி அன்று இரவே வலிக்கும். தள்ளி இருந்தால் இடுப்பு நழுவும். ரத்தக்குழாய் எடுத்த காலில் கணுக்கால் உள்பக்கத் தழும்பு கிராங்கில் (பெடல் மாட்டும் தண்டு) உரசும், உயரமான சாக்ஸ் போடச் சொல்லுங்கள்.

டம்பெல்லும் ரப்பர் பேண்டும் 12 வாரம் கழித்து, சர்ஜன் சரி என்ற பிறகு. அதுவரை நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, 8 முதல் 10 தடவை, எழும்போது மூச்சை வெளியே விட்டபடி. மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் பிரஷர் குபீரென்று ஏறும்.

தெரு நடையை விட்டுவிடாதீர்கள். சைக்கிள் அதற்குப் பதில் இல்லை. அரசின் 'நடப்போம் நலம் பெறுவோம்' பாதை மாவட்டந்தோறும் 8 கி.மீ. உண்டு. முழுதும் நடக்க வேண்டியதில்லை, போகும் தூரம் திரும்பியும் வர வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

தஞ்சை_பாலா

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். மாமாவுக்கு ஐ.சி.டி. (துடிப்பு தாறுமாறானால் ஷாக் கொடுக்க நெஞ்சில் வைக்கும் கருவி) வைத்திருக்கிறது. காந்த சைக்கிள் ஆகுமா?

இசிஜி_மேகலா

காந்தம் சக்கரத்தோடு கீழே மூடிக்குள் இருக்கிறது, நெஞ்சிலிருந்து 15 செ.மீ.க்கு மேல் விலகியிருந்தால் போதும், சைக்கிளில் அதைவிட வெகுதூரம். டிரெட்மில் சேஃப்டி கீயில் (இழுத்தால் பெல்ட்டை நிறுத்தும் சாவி) காந்தம் இருக்கலாம். அதைச் சட்டைப் பையில் போடக் கூடாது. அவருக்கு முக்கியம் வேறு. எந்தத் துடிப்பில் ஷாக் கொடுக்கும்படி செட் செய்திருக்கிறார்கள் என்று கேட்டு, அதற்கு 10 முதல் 20 குறைவாகவே நாடி இருக்க வேண்டும். புதிதாக வைத்தது என்றால் அந்தப் பக்கக் கை நான்கு முதல் ஆறு வாரம் தோளுக்கு மேல் போகக் கூடாது.

நெல்லை_செல்வி

சனிக்கிழமை டெலிவரி. ஃபிட்டிங்குக்கு ஆள் வர மூன்று நாள் ஆகுமாம். நானே பூட்டிவிடலாமா?

ஜிம்_சர்வீஸ்_ரவி

பூட்டலாம். பெடலில் மட்டும் எச்சரிக்கை. 'எல்' என்று போட்டிருக்கும் இடது பெடலின் மரை தலைகீழ், எதிர்ப்பக்கம் திருப்பித்தான் இறுக்க வேண்டும். முதலில் கையால் நாலு சுற்று, பிறகுதான் ஸ்பேனர். தப்பாகத் திருப்பி ஸ்பேனரால் அழுத்தினால் கிராங்கின் மரை வழுவிவிடும், வாரன்டியில் தர மாட்டார்கள். அடியில் ரப்பர் மேட் போட்டு, காலடி திருகுகளைச் சரிசெய்து ஆட்டம் இல்லாமல் வையுங்கள், டைல்ஸ் தரையில் மேட் இல்லாமல் வண்டி நகரும். முதல் வாரம் கழித்து பெடலையும் சீட் போல்ட்டையும் மறுபடி ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.